சோறு தொடாத விரதம்

எங்கள் குடும்பத்தில் மாமிசம் தின்று யாரும் செத்ததில்லை. சோறு தின்று செத்தவர்கள் உண்டு. இதை நான் வாய்விட்டுச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் முகம் சிவக்கும். சிவக்கட்டும். வாயை மூடிக்கொண்டு இருந்து நான் கண்ட பலன் ஒன்றுமில்லை. நானும் சைவந்தான், இந்த வயது வரை ஒரு முட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அப்படித் தொடாமல் இருப்பதால் சாவு என் வாசலைத் தாண்டிப் போய்விடும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

செங்கோட்டைப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிய புதிதில், சேரன்மாதேவிக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் பிறந்தது பாளையங்கோட்டை. மிஷன் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தேன். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். புகுந்த வீட்டில் மாமனார், மாமியார் இல்லை. என் வீட்டுக்காரர் மூத்தவர். அவருக்கு ஒரே தம்பி, அதாவது என் கொழுந்தனார். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி. நான்கு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை.

நஞ்சை நிலத்துக்குக் குறைவில்லை. கார் நெல்லும் பிசான நெல்லும் விளைந்து வந்து குதிர்களை நிரப்பிக்கொண்டே இருக்கும். விளைவித்தவர்கள் யாரோ. அண்ணனும் தம்பியும் வரப்பில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஆற்றில் குளிக்கப் போவதற்கே வில்வண்டி பூட்டச் சொல்வார்கள். ஆறு எங்கள் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரம். மாடு திரும்புவதற்கு இடம் போதாமல் வண்டிக்காரன் படும் பாட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நடந்து போனால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. பிள்ளைகள் போனபோது இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று ஊரே சொல்லியும், மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் தம்பி பேசினால் அவருக்கு வேதம். தம்பி மெட்ரிகுலேஷன் வரை படித்தவர், தொண்டை கணீர் என்றிருக்கும், தேவாரம் பாடினால் ஊர் கேட்கும். அந்தத் தொண்டைக்கு மேலே மண்டை என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிரதோஷம் தோறும் சாயங்காலம் எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாரும் நிலம் உள்ளவர்கள், எல்லாருக்கும் தொந்தி உண்டு. நல்ல பத்தமடைப் பாயாக விரித்துப் போடச் சொல்வார் கொழுந்தனார். நடுவில் உட்கார்ந்துகொண்டு மரக்கறி உணவின் மகிமையைப் பற்றிப் பேசுவார். நான் அடுக்களையில் இருந்தபடி கேட்டுக்கேட்டு எனக்கே மனப்பாடம்.

"வியாதிங்கது யாருக்கு வே வருது? ஊன் திங்கவனுக்குத்தான் வருது. ஆட்டக் கொன்னான், கோழியக் கொன்னான், அந்தப் பாவம் அவன் ஒடம்புல போயி உக்காந்துக்கிடுது. நம்ம ஒடம்பு அப்பிடியா? கோயில்லா வே இது! இதுக்குள்ள எந்த நோயி வந்து குடியிருக்க முடியும்?"

கேட்டவர்கள் தலையை ஆட்டி, தங்கள் தங்கள் கோயிலைத் தடவிக்கொள்வார்கள். பேச்சு முடிந்ததும் உள்ளேயிருந்து சுசியமும் முந்திரிக்கொத்தும் போகும். பிறகு இட்லி, அதற்கு நெய். அதற்கும் பிறகு, டவுனிலிருந்து யாராவது வந்திருந்தால் இலையில் மடித்த அல்வா. விரலில் ஒட்டிய நெய்யை நக்கிக்கொண்டே தெருக்கோடியில் போகிற கருவாட்டுக்காரியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவள் தலையில் கூடையோடு அக்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து நடந்து வருகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு மூச்சு வாங்கி நான் கண்டதில்லை. எங்கள் பட்டாசலில் இருந்தவர்களுக்குப் பாயிலிருந்து எழுந்திருக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

இதில் விரதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இனி நான் சொல்லப் போவது புரியாது. எங்கள் வீட்டில் சோமவாரம் உண்டு, பிரதோஷம் உண்டு, கார்த்திகை, சஷ்டி, சிவராத்திரி எல்லாம் உண்டு. விரதம் என்றால் ராத்திரி சோறு கிடையாது. சோறு கிடையாது என்றால் பட்டினி என்று நினைத்துவிட வேண்டாம். பலகாரம் உண்டு. பானையில் வெந்தால் அது சோறு. அதே அரிசியை ஊற வைத்து, அரைத்து, ஆவியில் வேக வைத்தாலோ நெய்யில் சுட்டாலோ அது சோறு இல்லை. வயிற்றுக்குள் போனாலும் போனதாகக் கணக்கில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்ட அப்பம். விரத நாளில் சாப்பிடுவதில் பாதிகூட மற்ற நாளில் சாப்பிட மாட்டார்கள். மத்தியானத்திலிருந்தே நானும் ஓரகத்தியும் ஆட்டுரலில் கிடப்போம். அவர்கள் விரதம் இருக்க இருக்க எங்களுக்குத்தான் இடுப்பு ஒடியும். விரதம் முடிந்து ஏப்பம் விட்டு, "இன்னைக்கு வயிறு லேசா இருக்கு" என்று வேறு சொல்வார்கள்.

என் வீட்டுக்காரருக்கு நாற்பது தாண்டிய வருஷம் தாகம் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். குடித்த கையோடு கொல்லைக்குப் போவார். நன்றாகச் சாப்பிடுகிற மனிதர், தோள் எலும்பு தெரிய இளைத்துக்கொண்டு வந்தார். தொந்தி மட்டும் அப்படியே இருந்தது. கொல்லைச் சாக்கடைக் கல்லில் காலையில் பார்த்தால் எறும்பு கறுப்பாக மொய்த்துக் கிடக்கும். முதலில் கருப்பட்டி சிந்திய பாத்திரத்தை யாரோ கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு துவைக்கப் போட்ட அவர் வேஷ்டியிலும் எறும்பு. என் தகப்பனாரின் தமையனாருக்கு இப்படி எறும்பு மொய்த்து, கண் போய், பிறகு ஆளும் போனதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன். சிரித்தார். வெந்நீரை ஊற்றிக் கல்லைக் கழுவப் போனேன். கொழுந்தனார் ஓடிவந்து தடுத்தார்.

"மதினி, என்ன காரியம் செய்யுதிய! அதுவும் ஒரு உயிருல்லா. சைவக் குடும்பத்துல பொறந்துட்டு எறும்பக் கொல்லுதியளே!"

அண்ணன் உடம்பிலிருந்து சர்க்கரை ஒழுகுகிறது, தம்பிக்கு எறும்பின் மேல் இரக்கம். அந்தச் செம்பு வெந்நீரை அவர் காலில் ஊற்றியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் கொல்லையில் நடந்து வந்த என் வீட்டுக்காரர் பின்னாலேயே ரத்தம் சொட்டிக்கொண்டு வந்தது. பாதத்தில் கருவேல முள் முழுதாக ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. நான் பிடுங்கும்போதும் தெரியவில்லை. "என்னத்தப் பிடுங்குத?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். எனக்கும் பயந்தான். அவர் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: அதே வீட்டில், அதே அடுப்பில், கொழுந்தனார் போட்டதைத் தின்று கிடக்கிற வெள்ளைச் சேலை. அவர் உயிர் அவருக்கு மட்டும் சொந்தமில்லை, என் வாழ்வும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அழுது பிடிவாதம் பிடித்து, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போக வைத்தேன். துணைக்கு என்று சொல்லிக் கொழுந்தனாரும் ரயிலேறினார்.

டாக்டர் நம் பக்கத்துக்காரர்தான், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் வைத்திருந்தார். என் வீட்டுக்காரருடைய சிறுநீரில் சில சொட்டு அதில் விட்டு விளக்கில் காட்டினார். நீலம் போய்ப் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடி நிறமாக வந்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ஒடம்புல சக்கர எறங்குது. நீரிழிவு. இதுக்கு என்கிட்ட மருந்து பெருசா கெடையாது, உள்ளதச் சொல்லுதேன். வாயக் கட்டுனா இன்னும் இருவது வருசம் இருக்கலாம். சோத்த விடணும், கருப்பட்டி, சீனி, அல்வா பக்கம் போகக் கூடாது. கீரை, காய், மோரு, ஒரு கை பருப்பு. நெய்யக் கொறைக்கணும். ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பாடு போதும், ராத்திரி மோரு குடிச்சிட்டுப் படுத்துக்கிடுங்க. காலைல ஆத்துக்கு நடந்து போயிட்டு நடந்து வாங்க, வண்டி வேண்டாம்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? ஆனால் பாவி மனுஷன் அதோடு நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக்காரர் முகம் தொங்கியதைப் பார்த்து இரக்கப்பட்டு, "பசி தாங்கலேன்னா ஒரு முட்டை சாப்பிடலாம், தப்பில்ல. ஆனா ஒங்களுக்கு வழக்கமில்லேன்னா வேண்டாம்" என்றார்.

கொழுந்தனார் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அந்த வேகத்தில் அவர் எழுந்து நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

"யாரப் பாத்து என்ன சொல்லுதீரு? மருந்து கேட்டு வந்தா மதம் மாத்தப் பாக்கீரோ?"

டாக்டர் திகைத்துப் போனார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்றார். கேட்க ஆள் இல்லை. திரும்பி வருகிற ரயில் முழுக்க, பேட்டை தாண்டி ஊர் வந்து சேரும் வரைக்கும், கொழுந்தனார் பேச்சு முட்டையைப் பற்றித்தான். கீரை சொன்னார், மோர் சொன்னார், நடக்கச் சொன்னார். அத்தனையும் காற்றோடு போயிற்று. முட்டை ஒன்று மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த பிரதோஷத்தில் பட்டாசல் முழுக்க அதே பேச்சு. வேதக்கார டாக்டர் ஒரு சைவரை முட்டை தின்னச் சொன்னாராம், அவர் எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாராம். அண்ணன் எச்சில் துப்பவில்லை. நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பயம் என்னவோ அவருக்கு இருந்தது. ராத்திரி என்னிடம், "சோத்த விடணும்னு சொன்னாரே" என்று மெல்லக் கேட்டார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். விட்டுத்தான் பாருங்களேன் என்றேன். அவர் தம்பியிடம் போய்ச் சொன்னார். தம்பிக்கு உடனே ஒரு வழி தோன்றியது. டாக்டர் சொன்னதால் சோற்றை விட்டதாக இருக்கக் கூடாது, சுவாமிக்கு நேர்ந்துகொண்டு விட்டதாக இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், சோறு தொடாத விரதம். நல்ல நாள் பார்த்து, கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! எந்தப் பெயரில் விட்டால் என்ன, சோற்றை விட்டால் சரி என்று நினைத்தேன். நானும் ஒரு முட்டாள்.

மறுநாள் காலையில் கீரையும் மோரும் எடுத்து வைத்தேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்து இலையிலிருந்து கொழுந்தனார் குரல் வந்தது.

"என்ன மதினி இது? அண்ணன் விரதம்லா இருக்காக! பலகாரம் எங்க?"

"டாக்டரு அரிசியே ஆகாதுன்னுதான சொன்னாரு. இட்லியும் அரிசிதான. நான்தான அரைக்கேன், எனக்குத் தெரியாதா?"

"சோறுன்னா சோறு, பலகாரம்னா பலகாரம். இது தெரியாம வெரதம் இருந்து என்ன பிரயோசனம்? சும்மா கீரையத் தின்னா அது வெரதமா? பட்டினில்லா அது. அண்ணனப் பட்டினி போட்டா சாமி கோவிச்சுக்கிடும்."

என் வீட்டுக்காரரும் சொன்னார், பாவம், பசியில் சொன்னார்: "எலையில கீரையப் போட்டுட்டு, நான் என்ன பரதேசியா?"

இரண்டு ஆண்பிள்ளைகளும், மெட்ரிகுலேஷன் உட்பட, மனதார நம்பினார்கள். நடிப்பில்லை, கள்ளமில்லை. தலைமுறை தலைமுறையாக விரத நாளில் பலகாரம் தின்று தின்று, அது உணவே இல்லை என்று அவர்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. பிறகு நாற்பத்தெட்டு நாள் எங்கள் வீட்டில் சோற்றுப் பானை அவருக்காக அடுப்பேறவில்லை. காலையில் இட்லி, மத்தியானம் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ராத்திரி அப்பம். முன்பு மாதத்தில் எட்டொன்பது நாள் தின்றதை இப்போது தினம் மூன்று வேளை தின்றார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஒரு பருக்க சோறு தொடலியாமே, எம்புட்டு வைராக்கியம்!" என்றார்கள். வைராக்கியத்துக்கு நான்தான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

என்னால் முடிந்த திருட்டுத்தனம் எல்லாம் செய்தேன். கருப்பட்டியைக் குறைத்தேன், மாவில் முருங்கைக் கீரையைக் கலந்தேன், நெய்யை ஒளித்து வைத்தேன். நாலு நாளில் தெரிந்துவிட்டது. கொழுந்தனார் அடுக்களை நடையில் வந்து நின்று, என் பிறந்த வீட்டார் மிஷன் பள்ளியில் என்னைப் படிக்க வைத்ததன் விளைவு இது என்றார். ஓரகத்தி வாய்க்குள் சிரித்தாள். அதற்கு மேல் நான் போராடவில்லை. கேட்டபடி சுட்டுப் போட்டேன். அவர்களை நான் இளக்காரமாகப் பேசுகிறேனே, அந்த இளக்காரத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. கரண்டி என் கையில்தான் இருந்தது.

மண்டலம் முடிந்த அன்று கோயிலில் அபிஷேகம். அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். விரதத்தை அதைத் தின்றுதான் முடித்தார். அந்த வாரமே முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, ஒரு கட்டி வந்தது. மறுநாள் பக்கத்தில் இன்னும் இரண்டு. பிறகு எல்லாம் ஒன்று சேர்ந்து, பல கண் வைத்து, உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாயிற்று. ராஜபிளவை என்றார்கள். அந்தப் பெயரில்கூட எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பார்க்க வந்த பெரிய மனுஷர் ஒருவர் பட்டாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இது கண்டவனுக்கும் வருத நோயா வே? தின்னு வாழ்ந்தவகளுக்கு வருத நோயில்லா."

நான் ஆளனுப்பி அதே டாக்டரை வரவழைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அவர் வந்து கீறிக் கழுவிக் கட்டினார். போகும்போது கொல்லை வாசலில் என்னிடம், "சோத்த விட்டாகளா?" என்று கேட்டார். விட்டார்கள் என்றேன். வேறு என்ன சொல்வது? கட்டுப் போட்டு ஒன்பதாம் நாள் காய்ச்சல் ஏறி, நினைவு தப்பி, மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. கடைசியாக நினைவோடு இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்தான் கேட்டார். எனக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை.

ஊர் என்ன சொல்லிற்று என்று கேட்க வேண்டுமே. பதினாறாம் நாள் விருந்தில் அதே பன்னிரண்டு தொந்திகளும் வரிசையாக உட்கார்ந்தன. பருப்பு, சாம்பார், ரசம், இரண்டு பாயசம். நான் உள்ளறையில், புதிதாக உடுத்திய வெள்ளைச் சேலையோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இலைச் சத்தத்துக்கு நடுவே கொழுந்தனார் குரல் கேட்டது.

"அந்த டாக்டரு குடுத்த மருந்துல என்ன கலந்திருந்தானோ யாரு கண்டா? ஈரலோ, முட்டையோ! சுத்தமான ஒடம்புல்லா, தாங்கல."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் பாயசம் இன்னொரு கரண்டி கேட்டார்.

நாலு நாள் கழித்து கொழுந்தனார் என்னைக் கூடத்துக்கு வரச் சொல்லி, இனிமேல் நான் இருக்க வேண்டிய முறையைச் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, சிவபூஜைக்கு முறை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு வேளை. ஒரு பிடிக்கு மேல் சோறு வேண்டாம், அது உடம்பை வளர்க்கும். நெய் கூடாது. இனிப்பு கூடாது. பலகாரம் கூடவே கூடாது, நாக்குக்கு ருசி காட்டிவிடும். கீரை, காய், மோர், ஒரு கை பருப்பு. ராத்திரி மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். விடியுமுன் ஆற்றுக்கு நடந்து போய் முழுகி, கோயிலைச் சுற்றி, நடந்தே வர வேண்டும்; இனி எனக்கு வண்டி கிடையாது.

தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, ஐப்பசி மழையில் கொல்லையில் உட்கார்ந்து எனக்குரிய கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் திடீரென்று தெரிந்தது. டாக்டர் சொன்னது இதுதான். அந்த ஒரு பிடி சோறு போக, கீரையிலிருந்து வண்டி வரைக்கும் ஒன்று விடாமல் இதேதான். என் வீட்டுக்காரர் பிழைப்பதற்காகச் சொன்னதை அவருக்குப் போடவிடாமல், அவர் செத்ததற்குத் தண்டனையாக எனக்குப் போட்டிருக்கிறார்கள். கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஓரகத்தி ஓடிப்போய் விபூதி எடுத்து வந்தாள். பூசிக்கொண்டேன். பிறகு அழுதேன்.

தண்டனை எனக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. பசி பழகிவிட்டது. தினம் விடியலில் ஆற்றுக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து கால் உரமேறிவிட்டது. ஊரில் காய்ச்சல் வந்தது, பேதி வந்தது. எனக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. அதற்குள் அந்தப் பட்டாசலில் ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் பக்கவாதம். ஒருவர் பாதி இடியாப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஒருவருக்குக் கண் மறைந்தது, ஒருவருக்குக் கால் விரல் கறுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: கண்ணேறு, கிரகம், பங்காளி வைத்த செய்வினை. ஒரு காலத்திலும் இலையைக் காரணமாகச் சொன்னதில்லை. மரக்கறி தின்பவன் ஒருவனுக்கும் நோய் வரக் கூடாது என்று தீர்மானித்துவிட்டால் பிறகு வந்த நோயை என்ன செய்வது? வரவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

ஜெர்மன் சண்டை நடந்து மண்ணெண்ணெய்க்குத் திண்டாடிய காலம். ஒரு சோமவாரம் மத்தியானம் கொழுந்தனார் அடுக்களை நடைக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தேவாரம் பாடிய தொண்டையில் சத்தம் கம்மிப் போயிருந்தது. கையில் தண்ணீர்ச் செம்பு. அவர் போகிற சாக்கடைக் கல்லை நான் ஒரு வருஷமாகவே பார்த்து வந்தேன். வெந்நீர் ஊற்றவில்லை, அவருடைய கொள்கையை மதித்தேன். நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"மதினி, ஒண்ணு கேக்கேன். நீங்க மட்டும் எப்பிடி இப்பிடி இருக்கிய? ஒரு நோயில்ல, நொடியில்ல. நீங்க என்னதான் சாப்பிடுதிய?"

அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அன்றைக்குத்தான் கேட்டார்.

"நீங்க விதிச்சதத்தான் சாப்பிடுதேன். ஒரு வேள, கீரையும் மோரும். ராத்திரிக்கு மோரு மட்டும். காலைல நடை. டாக்டரு அன்னைக்கு ஒங்க அண்ணனுக்குச் சொன்னதும் இதுதான். நீங்க பக்கத்துலதான இருந்திய?"

செம்பிலிருந்து ஒரு மிடறு குடித்தார். அவருக்குப் புரிந்தது, புரிந்ததை முகத்தில் பார்த்தேன். என் மனசு அந்த ஒரு நிமிஷம் இளகிப் போயிற்று என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. எவ்வளவு மடையனாக இருந்தாலும் கண்முன்னால் ஒரு உயிர். நான் சொன்னேன்:

"நாளையில இருந்து நீங்களும் இதையே சாப்பிடுங்க. நானே எடுத்து வைக்கேன். இன்னும் காலம் போயிரல."

பிறகு அவர் உதடு பழையபடி ஒரு பக்கம் கோணியது.

"கைம்பொண்டாட்டி திங்கதையா ஒரு ஆம்பிள திம்பான்? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாக?" என்றார். எழுந்து வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "இன்னைக்குச் சோமவாரம்லா. ராத்திரிக்கு அப்பம் சுட்டுருங்க. ஒங்க கைக்குத்தான் அது பதமா வரும்."

அந்த அப்பமும் அரிசிதான் என்று இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து போய் அரிசியை ஊறப் போட்டேன்.